சீரியல் பெட்டிப் பரிசுகள்: வாங்குவோர் கேள்வி-பதில்

அமெரிக்கக் காலை உணவுத் தானியப் (சீரியல்) பெட்டிகளோடு வந்த மோதிரம், பேட்ஜ், படஅட்டை, பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் இன்று இணைய ஏலங்களில் கைமாறுகின்றன. கெல்லாக்ஸ் 1909இல் கார்ன்ஃபிளேக்ஸோடு ஒரு குழந்தைகள் படப்புத்தகம் கொடுத்ததிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அவற்றைப் பற்றியவை.

கேள்வி: 1947இல் லோன் ரேஞ்சர் என்ற வானொலி நாடக நாயகன் பெயரில் வந்த அணுகுண்டு மோதிரம் ஏலத்துக்கு வந்திருக்கிறது. "இருட்டில் இன்னும் மின்னுகிறது" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். கூடுதல் விலை தரலாமா? கதிரியக்கத்தால் ஆபத்து உண்டா?

பதில்: மின்ன வாய்ப்பே இல்லை. கிக்ஸ் என்ற சீரியல் பெட்டியின் மேல்மூடித் துண்டோடு 15 சென்ட் அனுப்பியவர்களுக்குத் தபாலில் வந்த மோதிரம் இது. குண்டின் சிவப்பு வாலைக் கழற்றினால் ஒரு சிறு லென்ஸ் தெரியும். உள்ளே துளியளவு பொலோனியம் 210 என்ற கதிரியக்கப் பொருள், அதன் எதிரே துத்தநாக சல்பைடு திரை. பொலோனியம் உமிழும் ஆல்ஃபா துகள் திரையில் படும்போதெல்லாம் ஒரு பொட்டு வெளிச்சம் தெறிக்கும். அதைத்தான் குழந்தைகள் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள்.

ஆனால் பொலோனியம் 210இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 138 நாள்தான். பத்து அரை ஆயுள், அதாவது நான்கு ஆண்டுக்கும் சற்றுக் குறைவான காலம், கழிந்தாலே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1950களின் தொடக்கத்திலேயே வேடிக்கை முடிந்துவிட்டது. பயமும் அதோடு போயிற்று. இன்று ஒன்று மின்னுகிறது என்றால் யாரோ ஒளிரும் பெயிண்ட் தடவியிருக்க வேண்டும், அல்லது விற்பவர் பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். எப்படியானாலும் விலை இறங்கத்தான் வேண்டும், ஏறக்கூடாது.

வால் கழன்று மீண்டும் பொருந்துகிறதா, லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். விரலுக்கு ஏற்ப வளைக்கும் பட்டை என்பதால் பலமுறை வளைத்த இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். பட்டையின் அடிப்பக்கப் படம் வராமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: கனடாவின் யூகான் பகுதியில் ஒரு சதுர அங்குல நிலத்துக்கான பத்திரம் தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. நிலத்துக்கு உரிமை கோர முடியுமா?

பதில்: முடியாது. 1955இல் குவேக்கர் நிறுவனம் பொரித்த கோதுமை, பொரித்த அரிசிப் பெட்டிகளில் இப்படி 2.1 கோடி பத்திரம் வைத்தது. அவை ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படவில்லை. 37.20 டாலர் வரி கட்டாததால் 1965இல் கனடா அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. காகிதத்துக்குச் சேகரிப்பு மதிப்பு உண்டு, அவ்வளவுதான். கோடிக்கணக்கில் அச்சானது என்பதை விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

கேள்வி: "1962ஆம் ஆண்டுப் பெட்டி, பிரிக்கவே இல்லை, பரிசும் உள்ளேயே இருக்கிறது" என்று பெரிய விலை சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பெட்டியின் எல்லாப் பக்கங்களுக்கும், மேல் கீழ் மடிப்புகளுக்கும் படம் கேளுங்கள். விற்பவர் சொல்லும் கதையைவிட அட்டையில் அச்சாகியிருப்பது நம்பகமான சாட்சி.

முதலில் பார்கோடு. அமெரிக்கக் கடையில் அது முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூனில். ஆகவே பார்கோடு உள்ள பெட்டி 1962 ஆக முடியாது. அடுத்து, தபாலில் பரிசு கேட்கும் கூப்பனில் உள்ள முகவரி. ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) 1963 ஜூலையில்தான் வந்தது. இந்த ஒரு வரியிலேயே பல "1962"கள் விழுந்துவிடும். கறுப்புக் கட்டத்துக்குள் இன்று பார்க்கும் ஊட்டச்சத்து அட்டவணை 1994இலிருந்து கட்டாயமானது. ஒன்றைக் கவனியுங்கள்: இவை இருந்தால் பெட்டி பிந்தையது என்று சொல்லலாம், இல்லாததை வைத்துப் பழையது என்று சொல்ல முடியாது. நகல் எடுப்பவருக்கும் பார்கோடை விட்டுவிடத் தெரியும்.

அதனால் கைக்கு வந்ததும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றால் படத்தைப் பாருங்கள். அச்சகத்தின் ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்காக, சிறு வட்ட வடிவங்களாக அடுக்கியிருக்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஒழுங்கில்லாமல் தெளித்தது போல் இருக்கும். மடிப்புகளின் பசையையும் பாருங்கள். பழுப்பேறிய பழைய பசைக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் பசை தெரிந்தால் பெட்டியைத் திறந்து மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

பிரிக்காத பெட்டிக்குக் கூடுதல் விலை கேட்பதை நாங்கள் ஏற்கவில்லை. உள்ளே எந்தப் பரிசு, என்ன நிலையில் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. தானியத்தின் எண்ணெய் கெட்டு அட்டையில் கறையாக இறங்கும். பூச்சியும் வரும், அது உங்கள் மற்ற பெட்டிகளுக்கும் பரவும். வெறும் பெட்டிக்கு என்ன தருவீர்களோ அதை மட்டும் தாருங்கள். உணவே நிரப்பாமல், மடிக்காமல் தட்டையாகத் தங்கிப்போன அட்டை கிடைத்தால் அதுதான் நல்ல கொள்முதல்.

கேள்வி: பேக்கிங் பவுடர் போட்டால் தண்ணீரில் மூழ்கி மேலே வரும் பரிசுப் பொம்மை நீர்மூழ்கி ஒன்று வாங்கினேன். மூழ்குகிறது, மேலே வருவதே இல்லை.

பதில்: பெரும்பாலும் பேக்கிங் சோடா போட்டிருப்பீர்கள். சோடா தனியாகத் தண்ணீரில் நுரைக்காது, அதற்கு அமிலம் வேண்டும். பேக்கிங் பவுடரில் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. நனைந்ததும் வரும் வாயுக் குமிழி பொம்மையைத் தூக்கும். மேலே வந்ததும் குமிழி வெளியேறி பொம்மை மறுபடி மூழ்கும். பவுடர் பழையதா என்று பார்க்க அரை டீஸ்பூனைச் சுடுநீரில் போடுங்கள், உடனே பொங்க வேண்டும். பொம்மையின் பவுடர் அறையில் இறுக்கி அடைத்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. தளர்வாகப் போட்டு, ஆழமான பாத்திரத்தில் விடுங்கள். முடிந்ததும் கழுவிக் காயவைக்காவிட்டால் மிச்சம் கட்டியாகித் துளையை அடைத்துவிடும். இந்தப் பொம்மை பின்னாளில் மறுபடியும் தயாரிக்கப்பட்டது. நுரைக்கிறது என்பதற்காக 1950களைச் சேர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: கெல்லாக்ஸின் முப்பரிமாண பேஸ்பால் அட்டைகள் வில்லாக வளைந்திருக்கின்றன. புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்தலாமா?

பதில்: கூடாது. 1970 முதல் 1983 வரை வந்த இவற்றின் முன்பக்கம் வரிவரியான பிளாஸ்டிக், பின்பக்கம் காகிதம். பிளாஸ்டிக் சுருங்குவதால்தான் வளைகிறது. அழுத்தினால் வரிகளின் குறுக்கே விரிசல் விழும், அதைச் சரிசெய்ய வழியில்லை. திருகி இறுக்கும் உறையும் வேண்டாம். வளைவோடு அடங்கும் ஆழமான பாலிப்ரோப்பிலீன் உறையில், வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். வாங்கும்போது வளைவுக்காகத் தயங்க வேண்டாம். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு விரிசலைத் தேடுங்கள். 1971 வரிசை சற்றுச் சிரமம்: அந்த ஆண்டு முழுத் தொகுப்பைத் தபாலில் வாங்க வழியில்லை, பெட்டி பெட்டியாக வாங்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் பொம்மை வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். மெத்தென்ற வினைல் பொம்மையை கெட்டியான பாலிஸ்டைரீன் பொம்மையோடு ஒட்டி வைத்தால் வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ப்பொருள் மற்றதை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

கேள்வி: பழைய பரிசுகளைக் குழந்தைக்கு விளையாடத் தரலாமா?

பதில்: மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். அமெரிக்க விதிப்படி 31.7 மி.மீ. விட்டமும் 25.4 முதல் 57.1 மி.மீ. ஆழமும் உள்ள உருளைக்குள் அடங்கும் துண்டு அந்த வயதுக்கு ஆகாது. இது 1980இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பரிசுகளில் பல அதற்குள் சுலபமாக விழும். 1940களின் தகரப் பொருள்களின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் பெரிய குழந்தைக்கும் கண்ணாடிக்குள் காட்டினால் போதும்.

கேள்வி: கெல்லாக்ஸின் பெப் என்ற சீரியலோடு வந்த பேட்ஜ்களின் முழுத் தொகுப்பு 90 என்கிறார் ஒருவர், 86 என்கிறார் இன்னொருவர்.

பதில்: வரிசைக்கு 18 வீதம் ஐந்து வரிசை, ஆக 90. ஐந்திலும் அதே சூப்பர்மேன் பேட்ஜ் வருவதால் வெவ்வேறு பேட்ஜ் 86தான். 90க்கு விலை சொன்னால் அதில் எத்தனை சூப்பர்மேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.