கால் கிலோ சேரட்டும் என்று காத்திருப்பது

அன்புள்ள அண்ணாச்சி,

மகாராஜநகரில் எங்கள் மொட்டைமாடியில் தொட்டிகளும் பைகளுமாக இருபது வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டை, அவரை, சீனியவரை (கொத்தவரை), மிளகாய் எல்லாம் காய்க்கின்றன. ஆனால் எதுவும் ஒரு வேளைக்குக் காணாது. இன்றைக்கு நாலு கத்திரிக்காய், ஐந்து வெண்டைக்காய், ஒரு பிடி அவரை. கால் கிலோ சேரட்டும் என்று செடியில் விட்டால் வெண்டை முற்றிவிடுகிறது, பறித்து ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துப்போகிறது. 'இதுக்கு நயினார்குளம் மார்க்கெட்டுக்கே போயிரலாம்' என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். விளைச்சல் கூட என்ன உரம் போடலாம், பஞ்சகவ்யாவா மீன் அமிலமா? வெயில் காலத்துக்கு நிழல்வலை அவசியமா? செடிகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உரத்தை முதலில் முடித்துவிடுவோம். பஞ்சகவ்யா இருந்தால் அது, மீன் அமிலம் இருந்தால் அது, இரண்டும் இல்லாவிட்டால் நன்றாக மக்கின சாணி உரம். நிழல்வலை வேண்டும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டி மண் சூடேறி வேரே வெந்துபோகும். அவ்வளவுதான். என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது 'ஒரு வேளைக்குக் காணாது' என்ற உங்கள் வரி. இது விஷயமாக யாரிடமாவது சண்டை போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் மாடியில் ஒரு குறையும் இல்லை, கோளாறெல்லாம் அடுப்படியில். கத்திரிக்காய் என்றால் எண்ணெய்க் கத்திரிக்காய், வெண்டைக்காய் என்றால் பொரியல், அவரை என்றால் அதற்கொரு சட்டி. ஒரு சட்டிக்கு ஒரே காய்தான் என்று யார் சொன்னது? கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்து வாங்கிப் பழகின கை அப்படித்தான் யோசிக்கும். தொட்டிச் செடிக்குத் தராசு தெரியாது தாயி.

சேரன்மகாதேவியில் எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் தோட்டம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. குளிக்கிற தண்ணீர் போகிற வழியில் வாழையும் சேம்பும், வேலியில் அவரைக்கொடி, கிணற்றடியில் ஏழெட்டு மூடு கத்திரி, மூலையில் ஒரு முருங்கை. காலையில் ஓலைக்கொட்டானை எடுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு இன்ன குழம்பு என்று முடிவு பண்ணிவிட்டுப் போகிற வழக்கமே அவளுக்கு இல்லை. கொட்டானில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அடுப்பில் எது ஏறும் என்று தெரியும். நாலைந்து தினுசில் ஒவ்வொரு பிடி விழுந்தால் அன்றைக்குக் கூட்டாஞ்சோறு.

இப்போது கூட்டாஞ்சோறு என்ற பெயரில் கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் குக்கரில் கொட்டி மூன்று விசில் விட்டு இறக்குகிறார்கள். சாம்பார் சாதம் செய்ய ஆசையிருந்தால் சாம்பார் சாதம் என்றே சொல்லிவிட்டுச் செய்யலாமே. ஆச்சி ஒரு உழக்கு அரிசிக்குக் கால் உழக்குத் துவரம்பருப்பு எடுப்பாள். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் அரிசி. அது பாதி வேகும்போது வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரை மாதிரி தாமதமாக வேகிறவை. அவரையும் கத்திரியும் அப்புறம். காய் நசுங்குகிற பதம் வந்த பிறகுதான் புளித்தண்ணீர். புளி முன்னாலேயே விழுந்தால் காய் விறைத்துக்கொள்ளும், பருப்பும் வேகாது, எத்தனை விறகு வைத்தாலும் அப்படியே நிற்கும். நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது, குக்கர்க்காரர்கள் கேட்பதே இல்லை. பிறகு தேங்காய், மிளகாய்வத்தல், சீரகம், சின்ன உள்ளி, மஞ்சள் சேர்த்து அரைத்த அரைப்பு. முருங்கைக்கீரை கடைசியில், இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால். நல்லெண்ணெயில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெருமுனைக்கு மணக்கும். தொட்டுக்கொள்ளக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இருந்தால் போதும்.

உங்கள் ஐந்து வெண்டையை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், வழவழத்துப் போகும். அதைப் பொடியாக நறுக்கி மொறுமொறு என்று வதக்கித் தயிரில் போட்டால் நாலு பேருக்குப் பச்சடி.

இனி கோபப்படுகிற இடம். செடியில் விட்டால் முற்றிவிடுகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள், அடுத்த மூச்சில் விளைச்சல் கூட உரம் கேட்கிறீர்கள். வெண்டை காய்ப்பது விதைக்காக. விதை முற்ற ஆரம்பித்ததும் செடி தன் பலத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒருநாள் ஒடித்துக்கொண்டே இருந்தால் அது பூத்துக்கொண்டே இருக்கும். காயின் நுனியை வளைத்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் நார் வைத்துவிட்டது என்று அர்த்தம். அவரையும் சீனியவரையும் இதே ஜாதிதான். ஆக, கால் கிலோவுக்குக் காத்திருந்து காத்திருந்து விளைச்சலைக் குறைத்ததே நீங்கள்தான்.

ஃபிரிட்ஜும் வேண்டாம். வெண்டைக்கு ஏழு டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது, கறுத்துப் புள்ளி விழும், கத்திரிக்கு அதைவிடவும் ஆகாது. சேர்த்தே தீர வேண்டும் என்றால் சீனியவரையை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, மோரில் ஊறப்போட்டு, அதே மாடியில் சருகு மாதிரி ஆகும்வரை காயவைத்து வத்தலாக்கிப் பரணியில் (ஜாடியில்) போடுங்கள். இன்றைக்கு ஒரு பிடி, அடுத்த வாரம் ஒரு பிடி. பரணிக்கு அவசரம் கிடையாது.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மூட்டைக் கணக்கில் வியாபாரம் நடக்கிற நயினார்குளத்தில் போய் நாலு கத்திரிக்காய், ஒரு பிடி அவரை, ஒரே ஒரு முருங்கைக்காய் என்று கேட்டுப் பார்க்கட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அவர் பேச்சைக் கேட்டுத் தொட்டிகளைக் குறைத்துவிட வேண்டாம். காய்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உங்களை ரொம்பப் பிடித்துப்போனது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இரண்டாவது படத்தில் கத்திரிச் செடியின் ஒரு குருத்து மட்டும் வாடித் தொங்குகிறது. அது தண்ணீர்க் குறைவு அல்ல, தண்டையும் காயையும் துளைக்கிற துளைப்பான். வாடின இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு இருக்கும். வெட்டினதைச் செடியடியிலேயே போட்டுவிடாமல் நசுக்கிவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், விட்டால் காய்க்குள் போய்விடும்.