ஹம்மஸ் நறநறவென்று வருகிறதா? மிக்ஸியைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: அக்கா, மூன்று தடவை ஹம்மஸ் செய்துவிட்டேன். கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, பத்து நிமிடம் விடாமல் அரைத்தும் நறநறவென்றே இருக்கிறது. விலை கூடின மிக்ஸி வாங்கினால்தான் வழவழப்பு வருமா?

பதில்: மிக்ஸியை மாற்ற வேண்டாம்மா. கொண்டைக்கடலையும் எள் விழுதும் சேர்த்து அரைக்கும் இந்த ஹம்மஸ் வெண்ணெய் மாதிரி வருமா வராதா என்பது ஜாரில் போடும் முன்பே முடிவாகிவிடுகிறது. உங்கள் கடலை வெந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேக்காடு அப்படியே எடுத்துச் சாப்பிடத்தான் போதும், ஹம்மஸுக்குப் போதாது.

அடுத்த முறை ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டாகப் பிளந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மசிந்தாலும் நடுவில் மாவு மாதிரி ஒரு வெளிறின திட்டு விரலில் உருண்டால், அதுதான் உங்கள் நறநறப்பு, இன்னும் கொஞ்சம் வேகவிடுங்கள். விரல் பட்டதுமே குழைந்து ரேகைக்குள் அப்பிக்கொள்ள வேண்டும். பார்த்தால் 'ஐயோ, குழைத்துவிட்டோமே' என்று தோன்றும், அதுதான் சரியான பதம்.

இதற்குக் கைகொடுப்பது சமையல் சோடா. 200 கிராம் காய்ந்த கடலையை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரை டீஸ்பூன் சோடா போட்டு வேகவையுங்கள். கடலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். காரத்தன்மையில் அது கரைந்து இளகும், அமிலத்தில் இறுகிக்கொள்ளும். அதனால்தான் எலுமிச்சை, தக்காளி எதையும் வேகும் பானைக்குள் விடக் கூடாது என்று சொல்கிறேன். தண்ணீர் கடினத்தன்மை உள்ளதாக இருந்தாலும் இதே தொல்லைதான், அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடும். உப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஊறும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போடுவது தோல் இளகத்தான் உதவும். சோடாவை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள், சோப்பு வாடை வந்துவிடும்.

திறந்த பானை என்றால் முக்கால் மணியில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இருபது நிமிடம் வையுங்கள். நுரை பொங்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். இவ்வளவு செய்தும் இளகவில்லை என்றால் கடலை பழசு. எனக்கே ஒருமுறை இரண்டு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே கிடந்தது, டப்பாவின் அடியில் எத்தனை மாதம் இருந்ததோ. பழசாகிவிட்ட கடலையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, புதுசு வாங்கிவிடுங்கள்.

வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையால் அளைந்தால் தோல் தானாக மேலே மிதந்து வரும். வந்ததை எடுத்துவிடுங்கள், வராததை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடலையாக உட்கார்ந்து உரிக்கும் வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், நன்றாக வெந்திருந்தால் தோலும் அரைபட்டுவிடும்.

கேள்வி: தாஹினியில் தண்ணீர் விட்டதும் இளகாமல் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. கெட்டுப்போனதா?

பதில்: கெடவில்லை, நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான். எள்ளை அரைத்தெடுத்த விழுது அது, பெரும்பகுதி எண்ணெய். முதல் இரண்டு கரண்டித் தண்ணீர் விழும்போது எள்துகள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும், கரண்டியே நகராது. பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று ஐஸ் தண்ணீரை விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் சட்டென்று இளகும், பழுப்பு நிறம் மாறிப் பாலாடை போல வெளுக்கும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அப்புறம் ஹம்மஸில் சந்தேகமே வராது.

அரபியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். உணவின் முழுப் பெயர் ஹும்முஸ் பி தஹினா, அதாவது தாஹினி சேர்த்த கொண்டைக்கடலை. பெயரிலேயே பாதி இடம் பிடித்த பொருளை இரண்டு டீஸ்பூன் மட்டும் போட்டுவிட்டு ருசி வரவில்லை என்று சொன்னால் எப்படி? மேலே சொன்ன 200 கிராம் கடலைக்கு 120 முதல் 150 கிராம் தாஹினி, மூன்று நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றிரண்டு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் உப்பு. கடலையைத் தனியாக அரைத்துக்கொண்டு (இன்னும் சூடாக இருந்தால் மூடியை இறுக்காமல், ஆவி போக வழிவிட்டு) பிறகு மற்றதைச் சேருங்கள். அடித்து முடிக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் கெட்டிப்படும். கசப்பு வந்தால் எள்ளை அதிகம் வறுத்திருப்பார்கள் அல்லது தோலோடு அரைத்திருப்பார்கள். தோல் நீக்கி லேசாக வறுத்ததைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: செய்தவுடன் நன்றாக இருக்கிறது. மறுநாள் பூண்டு வாடைதான் முன்னால் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பூண்டை நசுக்கியவுடன் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்குகிறது, அந்த நெடிதான் நேரம் போகப் போகத் தூக்கலாகத் தெரிகிறது. அந்த நொதிக்குப் புளிப்பு ஆகாது. அதனால் எலுமிச்சைச் சாற்றிலேயே பூண்டைப் போட்டு அரைத்து, பத்து நிமிடம் வைத்து, வடிகட்டிச் சாற்றை மட்டும் சேருங்கள். மணம் இருக்கும், காட்டம் இருக்காது. இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் முழுப் பூண்டைத் தோலோடு சுட்டுப் பிதுக்கிப் போடலாம், அது இனிப்பாக வேறு ஒரு ருசி.

கேள்வி: மேடம், பீட்ரூட் ஹம்மஸ் செய்தேன், நிறம் அழகு, ஆனால் தண்ணியாக ஓடியது. என்னென்ன சுவைகள் சேர்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்: பீட்ரூட்டை வேகவைத்திருப்பீர்கள். சுட்டு எடுங்கள், நீர் வற்றி இனிப்பு கூடும். சிவப்புக் குடைமிளகாயும் அப்படித்தான், கருகச் சுட்டுத் தோல் உரித்து ஒரு சல்லடையில் சாறு வடியவிட்டுச் சேர்க்க வேண்டும். எந்தக் காயானாலும் கடலையில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐஸ் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். கீரை, கொத்தமல்லித்தழை மாதிரி பச்சைகளைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று மட்டும் விடுங்கள்.

என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சாக்லேட் ஹம்மஸ் வரைக்கும் வந்துவிட்டது, விரும்புகிறவர்கள் செய்யட்டும். எனக்கு ஹம்மஸின் சுவை கடலை, எள், புளிப்பு மூன்றும் சரியாக நிற்பதில்தான் இருக்கிறது, அது நிற்காதபோது எத்தனை தூள் தூவினாலும் மறைக்க முடியாது. முதலில் வெறும் ஹம்மஸைக் கைவசப்படுத்துங்கள். வறுத்து அரைத்த சீரகம் கால் டீஸ்பூன் உள்ளே போகலாம். மற்றவற்றை மேலே போடுங்கள்: புளிப்பான சுமாக் தூள், பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த்தூள்), ஸாத்தர் (காய்ந்த மூலிகையும் எள்ளும் சுமாக்கும் கலந்த தூள்), வறுத்த பைன் விதை, முழுதாக எடுத்துவைத்த நாலு கடலை. நல்ல ஆலிவ் எண்ணெயையும் மேலேயே ஊற்றுங்கள். மிக்ஸியின் வேகத்தில் அடித்தால் அது கசந்துபோக வாய்ப்புண்டு.

கேள்வி: டின் கடலையில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். கழுவி, சோடா ஒரு சிட்டிகை போட்டு இருபது நிமிடம் கொதிக்கவையுங்கள், அப்படியே அரைக்காதீர்கள்.

கேள்வி: ஹம்மஸ் எந்த நாட்டுக்குச் சொந்தம்? வீட்டில் ஒரே வாக்குவாதம்.

பதில்: லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான், இஸ்ரேல் எல்லா இடத்திலும் அன்றாடச் சாப்பாடு அது, காலையில் வெதுவெதுப்பாகச் சாப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு. வாக்குவாதம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 2010 மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்த எண் ஏன் தெரியுமா? அவர்கள் நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். ஒரு உணவின் மேல் அவ்வளவு பாசம்.

கேள்வி: மகனுக்கு எள் ஒவ்வாமை. தாஹினி இல்லாமல் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. லேசாக வறுத்த சூரியகாந்தி விதையை விழுதாக அரைத்துச் சேருங்கள், அவனுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. வெளியே வாங்கும் ஹம்மஸில் எள் இல்லாதது அபூர்வம், லேபிளைப் படிக்காமல் தராதீர்கள். எள் ஒவ்வாமை சிலருக்கு மூச்சடைப்பு வரைக்கும் போகும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் சேர்த்து லேபிளில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாருக்குமே எள் இல்லாத ஹம்மஸ் செய்துவிடுவது நல்லது, ஒரே கரண்டி இரண்டு கிண்ணத்துக்கும் போவதை யாரால் தடுக்க முடியும்?

கேள்வி: எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

பதில்: மூடி போட்டு ஃபிரிட்ஜில் நான்கு நாள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், எலுமிச்சை இருக்கிறதே என்று நம்பி வைக்காதீர்கள், அந்தப் புளிப்பு கெடாமல் காக்கப் போதாது. ஃப்ரீசரிலும் வைக்கலாம், எடுத்தால் தண்ணீர் பிரிந்திருக்கும். ஒரு கரண்டி தாஹினி விட்டு அடித்தால் கூடிவிடும். சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று இருக்கும்போது எள்ளின் மணம் தெரியாது.