வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மாடியில் காற்றை அளத்தல்

கேள்வி: எங்கள் வீடு விளாங்குடியில் உள்ளது. அம்மாவுக்கு ஆஸ்துமா என்பதால், வெளிக்காற்றின் மாசை அளக்கும் சென்சார் ஒன்றை வாங்கி, சமையலறை ஜன்னலுக்கு மேலே, சன்ஷேடின் அடியில் பொருத்தினேன். காலை ஏழரை மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் எண் 150-ஐத் தாண்டுகிறது. நடுப்பகலில் 20-க்கு இறங்குகிறது. இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அது விளாங்குடிக் காற்றின் கணக்கு அன்று, உங்கள் வீட்டு அடுப்பின் கணக்கு. நீங்கள் குறித்திருக்கும் இரு வேளைகளும் தோசைக்கல் காயும் வேளைகள். கருவிக்குள் இருக்கும் சிறு விசிறி காற்றை உறிஞ்ச, அதில் மிதக்கும் துகள்கள் லேசர் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதைக் கொண்டே அளவு கணிக்கப்படுகிறது. தாளிப்புப் புகைக்கும் லாரிப் புகைக்கும் அந்த ஒளி வேறுபாடு பார்ப்பதில்லை.

மொட்டை மாடியில் சமையலறைக்கு எதிர்ப்பக்கமாக, வெயில் நேரே படாத சுவர் ஒன்றுக்குக் கருவியை மாற்றுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி, பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பு, தெருவில் குப்பை கொளுத்தும் மூலை ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். மழைக்குப் பயந்து காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பவர்கள் உண்டு. அடைபட்ட டப்பா அளப்பது நேற்றைய காற்றைத்தான். குழாய்க் கடையில் கிடைக்கும் மூன்று அங்குல பி.வி.சி. எல்போ இரண்டை, வாய்கள் இரண்டும் தரையை நோக்குமாறு இணைத்து, உள்ளே கருவியை வைத்தால் மழையும் ஏறாது, காற்றும் தடைபடாது. வாய்களுக்குக் கொசுவலை கட்டிவிடுங்கள். சிலந்தி குடியேறிவிட்டால் எண்கள் தாறுமாறாகும். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதால், மாடியில் சிக்னல் எட்டுகிறதா என்பதைச் சுவரில் துளையிடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

திரையில் தெரிவது கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அளவா, காற்றின் தரத்தைச் சொல்லும் குறியீட்டு எண்ணா (ஏ.க்யூ.ஐ.) என்பதையும் கவனியுங்கள். பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருக்கும்போது இந்தியக் குறியீடு 100 என்று காட்டும். அதே காற்றுக்கு அமெரிக்கக் குறியீடு 150-ஐத் தாண்டிவிடும். அந்த 60 என்பது இந்தியாவின் 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு; உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த அளவோ 15தான். இரண்டுமே ஒரு நாள் சராசரிக்கானவை என்பதால், ஐந்து நிமிட ஏற்றத்தைப் பார்த்து அம்மாவைப் பதறவைக்க வேண்டாம். மார்கழி விடியலில் ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரேறிப் பருத்து, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்நேரத்து எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மேலூர் அருகே எங்கள் ஊரை ஒட்டி ஒரு கல் கிரஷர் இயங்குகிறது. திண்ணையில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி படிகிறது; சென்சாரோ 25 என்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. திண்ணையில் படிவது பருமனான துகள்கள். விலை குறைந்த லேசர் கருவிகள் நுண்துகளை ஓரளவு நன்றாகவே கணிக்கும். பருமனான துகள்களைப் பெரும்பாலும் தவறவிடும். பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்கள்) என்று அவை காட்டும் எண்ணும் பல கருவிகளில் நுண்துகள் கணக்கிலிருந்து ஊகித்ததே. பி.எம். 10-ஐ முறையாக அளக்க, குறிப்பிட்ட நேரம் காற்றை வடிதாள் வழியே இழுத்து, தாளின் எடை எவ்வளவு கூடியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இதற்கான 24 மணி நேர வரம்பு 100 மைக்ரோகிராம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் அத்தகைய அளவீட்டைக் கோருங்கள். தேதியிட்ட திண்ணைப் படங்களை இணையுங்கள். சென்சாரின் அந்த 25-ஐ மட்டும் இணைத்துவிடாதீர்கள்; எதிர்த்தரப்பு அதையே தனக்குச் சான்றாகக் காட்டும்.