வாசகர் கேள்வி-பதில்: ஒரே நாளில் கிரேஸும் டோரீஸும்

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கொலராடோவின் கிரேஸ், டோரீஸ் ஆகிய இரு சிகரங்களையும் ஒரே நாளில் ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் சிகரத்தை எட்டிவிட்டால் அடுத்தது வெறும் அரை மணி நேர வேலை என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா? எதை முதலில் ஏறுவது? (வாசகர், டென்வர்)

பதில்: அரை மணி நேரம் என்பது முழுப் பொய்யன்று. ஆனால் அது கணக்கின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கிறது. இரண்டு சிகரங்களும் 4,350 மீட்டரை ஒட்டிய உயரமுள்ளவை. கிரேஸ் மட்டும் ஒரு மயிரிழை உயரம் கூடியது. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலவே தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே முகடு ஏறத்தாழ 170 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. கிரேஸிலிருந்து அந்தத் தாழ்வுக்கு இறங்கி, அதே அளவு உயரத்தை டோரீஸ் பக்கம் மறுபடி ஏறி, வந்த வழியே தாழ்வுக்குத் திரும்பியாக வேண்டும். அங்கிருந்துதான் கிரேஸ் பாதையோடு சென்று சேரும் இணைப்புப் பாதை கீழே பிரிகிறது. எனவே கிரேஸை இரண்டாம் முறை ஏற வேண்டியதில்லை. சீரான நடையுள்ளவர்களே இந்த இணைப்புக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது. அந்த நேரம் முழுவதும் நீங்கள் 4,170 மீட்டருக்கு மேலே, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத முகட்டில் இருப்பீர்கள் என்பதுதான் உண்மையான கணக்கு.

வரிசையைப் பொறுத்தவரை கிரேஸை முதலில் ஏறுவதே பெரும்பாலானோரின் வழக்கம். என் பரிந்துரையும் அதுவே. ஸ்டீவன்ஸ் கல்ச் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 3,430 மீட்டர் உயரத்தில் பாதை தொடங்குகிறது. கிரேஸ் உச்சி வரை வளைந்து வளைந்து செல்லும் தெளிவான ஒற்றையடிப் பாதை உண்டு. கடைசிப் பகுதி மட்டும் தட்டுத் தட்டாக நழுவும் உடைகற்களால் ஆனது. காலை முழுவதுமாகப் பதித்து எடுத்தால் சிரமமில்லை. டோரீஸின் சரிவு இதைவிடச் செங்குத்தானது. இரண்டையும் முடித்துக் கீழே வர மொத்தம் 13 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடையும், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏற்றமும் ஆகும். டோரீஸுக்கு நேராக ஏறும் கெல்சோ முகடு என்றொரு வழியும் உண்டு. அங்கே கைகளையும் ஊன்றிப் பாறைகளைப் பற்றி ஏற வேண்டும். விழுந்தால் தப்பிக்க முடியாத இடங்களும் உள்ளன. "இரண்டு சிகரங்களையும் நடந்தே பார்த்துவிடலாம்" என்று கிளம்புபவர்களுக்கான வழி அதுவன்று.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. டோரீஸுக்குப் போவதா வேண்டாமா என்பதை வீட்டிலும் முடிவு செய்யாதீர்கள், கிரேஸ் உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் உற்சாகத்திலும் முடிவு செய்யாதீர்கள். தாழ்வுக்கு இறங்கி நின்று முடிவு செய்யுங்கள். இடப்பக்கம் போனால் டோரீஸ், வலப்பக்கம் இறங்கினால் வீடு. இரண்டு வழியும் கண்முன்னே கிடக்கும் ஒரே இடம் அதுதான். மணி பத்தரையைத் தாண்டியிருந்தாலோ, மேற்கே மேகங்கள் மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தாலோ, நால்வரில் ஒருவருக்கேனும் தலைவலி தொடங்கியிருந்தாலோ இறங்கிவிடுங்கள். ஒருவர் மட்டும் தாழ்விலேயே காத்திருக்க, மற்ற மூவரும் போய்வரும் ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நோய்வாய்ப்பட்டவரைத் தனியே விடுவதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

கேள்வி: காலையில் ஒரு துளி மேகமில்லாத வானம் நண்பகலுக்குள் எப்படி இடிமழையாக மாறுகிறது? முன்னறிவிப்பில் மழை வாய்ப்புக் குறைவு என்றிருந்தால் தாமதமாகக் கிளம்பலாமா? (வாசகி, போல்டர்)

பதில்: ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தெற்கிலிருந்து ஈரக்காற்று கொலராடோவுக்குள் வருகிறது. காலை வெயில் மலைச்சரிவுகளைச் சூடாக்கும்போது, அவற்றை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகிறது. சிகரங்களே மேகத்தின் தொழிற்கூடம் என்பதால் சமவெளியில் வெயிலடிக்கும் அதே வேளையில் முகட்டின்மேல் இடி உருவாகிறது. நகரத்துக்கான முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு சிகரத்துக்குக் கிளம்புவது ஆகவே பயனற்றது. அந்தச் சிகரத்தின் உயரத்துக்கெனத் தரப்படும் முன்னறிவிப்பைப் பாருங்கள். அது நல்ல சேதி சொன்னாலும் விடியுமுன் நடக்கத் தொடங்குங்கள். நண்பகலில் சிகரத்தில் இருப்பதல்ல, முகட்டை விட்டு வெகுவாக இறங்கியிருப்பதே இலக்கு.

இங்கே மற்றொரு நெருக்கடியும் உண்டு. கொலராடோவில் மரங்கள் வளரும் எல்லை ஏறத்தாழ 3,500 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. பாதை தொடங்குவதே அதை ஒட்டித்தான். நடை முழுவதும் திறந்த வெளியில் என்றாகிறது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் என்னைக் கேட்டால், இடி காதில் விழுந்த பிறகு கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இறங்குங்கள். ஊன்றுகோல் மெல்ல ரீங்கரித்தாலோ தலைமுடி குத்திட்டு நின்றாலோ மின்னல் அந்த இடத்திலேயே விழக்கூடும் என்று பொருள். தனித்து நிற்கும் பாறைக்கடியில் ஒடுங்கக் கூடாது. ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, முகட்டிலிருந்து விரைந்து விலக வேண்டும்.

கேள்வி: விடுமுறைக்காக இந்தியாவிலிருந்து என் தம்பி வருகிறான். மாரத்தான் ஓடுபவன். வந்த மூன்றாம் நாள் அழைத்துச் செல்லலாமா? (வாசகி, அரோரா)

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். ஓட்டத்தால் வலுப்பெற்ற இதயமும் கால்களும் உயரத்துக்குப் பழகுவதில் உதவுவதில்லை. வேகமாக ஏறும் வலு இருப்பதாலேயே இத்தகையோர் உடல் விடுக்கும் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். இந்தச் சிகரங்களில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. தம்பியை முதலில் சில நாள் டென்வர்ப் பகுதியில் இருக்கச் செய்து, பின்பு ஜார்ஜ்டவுன் போன்ற, ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரமுள்ள ஊரில் ஓரிரு இரவுகள் தங்கவைத்து, அதன் பிறகு அழைத்துச் செல்லுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்; நண்பர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது.

தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் மேலும் ஏறக் கூடாது. ஐயமிருந்தால் ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிராபத்து. மருந்துப் பையைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே, துணையோடு, கீழே இறக்க வேண்டும்.

கேள்வி: இந்தச் சிகரங்களுக்கு யாருடைய பெயர்கள்? (வாசகர், ஆஸ்டின்)

பதில்: இருவரும் தாவரவியலாளர்கள். 1861இல் சார்லஸ் பாரி என்ற தாவரவியலாளர், துறையில் தமக்கு மூத்தோரான ஏசா கிரேயின் பெயரையும் ஜான் டோரியின் பெயரையும் இவற்றுக்குச் சூட்டினார். டோரி மூத்தவர், கிரே அவரோடு சேர்ந்து வட அமெரிக்கத் தாவரங்களைத் தொகுத்தவர். கிரே 1872இல் தம் பெயர் தாங்கிய சிகரத்தின்மீது ஏறியும் இருக்கிறார். பாதையோரம் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும் சிறு மெத்தைச் செடிகளைக் கடக்கும்போது இந்த மூவரையும் நினைத்துக்கொள்ளலாம். வளைவைக் குறுக்கே வெட்டி அவற்றை மிதித்தால் அந்தத் தழும்பு ஆற நெடுங்காலம் ஆகும்.

சிகரங்கள் இரண்டும் கண்டத்தின் நீரைப் பிரிக்கும் முகட்டில் நிற்கின்றன. ஸ்டீவன்ஸ் கல்ச் பக்கம் விழும் மழை கிளியர் கிரீக், சவுத் பிளாட் ஆறுகள் வழியே மிசிசிப்பிக்குச் செல்லும். மறுபுறம் விழுவது கொலராடோ ஆற்றைச் சேரும். அந்த ஆறு இப்போதெல்லாம் கடலைத் தொடுவதே அரிது என்பது வேறு கதை.

கேள்வி: சாதாரண காரில் பாதைத் தொடக்கம் வரை போக முடியுமா? (வாசகர், லேக்வுட்)

பதில்: ஐ-70 நெடுஞ்சாலையில் பேக்கர்வில் பிரிவில், அதாவது 221ஆம் வெளிவழியில், விலக வேண்டும். அங்கிருந்து செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மண்சாலை குழிகளும் துருத்திய கற்களும் நிறைந்தது. அடிப்பாகம் தாழ்ந்த காரை மேலே கொண்டுபோகாதீர்கள். கீழிருந்தே நடப்பதானால் போகவர 10 கிலோமீட்டர் கூடும். அப்படி நடப்பவர்கள் இரண்டாவது சிகரத்தை அன்றைய திட்டத்திலிருந்தே எடுத்துவிடலாம். வண்டி நிறுத்தும் விதிகளைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில் விடியுமுன்னரே இடம் நிறைந்துவிடும்.