வெண்குறுமீன் துடிப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களான வெண்குறுமீன்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அவை வெறும் புள்ளிதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளியின் ஒளி ஏறி இறங்குவதை வைத்து, உள்ளே எந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் என்றெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? கணக்குப் போட்டு ஊகிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம், ஒளி கூடுவது விண்மீன் உப்புவதால்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உப்புவதால் இல்லை. வெண்குறுமீன் பொதுவாகச் சூரியனின் பாதிக்கும் மேலான நிறையைப் பூமியின் அளவுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அவ்வளவு அடர்த்தியான ஒன்று உப்பிச் சுருங்கினால் ஒரு சுற்று சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் 1968-இல் ஆர்லோ லாண்டோல்ட் அறிவித்த முதல் துடிக்கும் வெண்குறுமீன், எச்எல் டாரி 76, ஒரு சுற்றுக்குச் சுமார் பன்னிரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டது. பிறகு கிடைத்தவையும் நிமிடக் கணக்குதான். ஆகவே பொருள் பெரும்பாலும் பக்கவாட்டில், தொட்டி நீர் இங்கும் அங்கும் சாய்வதுபோல, அலைகிறது. ஆரம் அநேகமாக மாறுவதே இல்லை. மேற்பரப்பில் சில பகுதிகள் சூடேறுகின்றன, சில ஆறுகின்றன. அதைத்தான் ஒளி மாற்றமாகப் பார்க்கிறோம்.

சரி, ஊகமா? ஒரே ஒரு அலைவு காலம்தான் கையில் இருக்கிறது என்றால் உங்கள் சந்தேகம் நியாயம். அதற்குப் பொருந்தும்படி விண்மீனின் உள்ளமைப்புக்கு எத்தனை கணித மாதிரி வேண்டுமானாலும் கட்டலாம். ஒரே விண்மீனில் பல அலைவுகள் சேர்ந்து ஓடும்போது அந்த வசதி போய்விடுகிறது. அடுத்தடுத்த காலங்களுக்கு இடையிலான இடைவெளி முக்கியமாக நிறையையும், ஓரளவு வெப்பநிலையையும் சொல்கிறது. அந்த இடைவெளி சீராக இல்லாமல் தடுமாறினால், உள்ளே ஓர் அடுக்கு எங்கே முடிகிறது என்று பிடிக்கலாம். ஓர் அலைவு நெருக்கமான மூன்றாகப் பிரிந்திருந்தால் அது சுழற்சியின் வேலை. பிரிவு அகல அகல, சுழற்சி வேகம் அதிகம். கணக்கு முந்திக்கொண்டதும் உண்டு: ஹீலியம் மேற்பரப்புள்ள வெண்குறுமீன்களும் துடிக்க வேண்டும் என்று டொனால்ட் வின்கெட்டும் சகாக்களும் சொன்னார்கள். தேடிப் பார்த்து, 1982-இல் ஜிடி 358 அப்படித் துடிப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் பெரிய தொல்லை விடியல். பகலில் பதிவு அறுந்தால், பகுப்பாய்வில் உண்மையான அதிர்வெண்ணின் பக்கத்திலேயே போலிகளும் முளைக்கும். அதனால் 1988-இல் எட்வர்ட் நேதரும் வின்கெட்டும் பல தீர்க்கரேகைகளில் உள்ள வானாய்வகங்களைச் சேர்த்து, ஓரிடத்தில் விடியும்போது அடுத்த இடம் பார்வையைத் தொடரும்படி ஏற்பாடு செய்தார்கள். 'முழுப் பூமித் தொலைநோக்கி' என்று அதற்குப் பெயர். வெண்குறுமீனாக மாறிக்கொண்டிருக்கும் பிஜி 1159-035-ஐ 264 மணி நேரம் அநேகமாக இடைவிடாமல் பார்த்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அலைவுகள். நிறை சூரியனைப் போல 0.59 மடங்கு, சுழற்சி சுமார் 1.4 நாள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இன்று விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு இந்த விடியல் தொல்லை இல்லை.

ஆனால் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடமும் இருக்கிறது. பிபிஎம் 37093-ஐ 'வானத்து வைரம்' என்று செய்திகளில் கொண்டாடினார்கள் அல்லவா? 2004-இல் ஒரு குழு, அதன் நிறையில் சுமார் 90 சதவீதம் படிகமாக உறைந்துவிட்டது என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, அதே துடிப்புகளை வைத்து 32 முதல் 82 சதவீதம் வரை எதுவும் பொருந்தும் என்றது. இரண்டாவது குழு சொன்னதையே நான் நம்புவேன். அந்த விண்மீன் காட்டிய அலைவுகள் அவ்வளவு குறைவு.