வாசகர் கேள்வி – பதில்: பேர்லின் எப்போது தோற்றது?

கேள்வி: பேர்லினில் வசிக்கும் என் மாமா, அங்குள்ள சதுக்கம் ஒன்றில் நிலத்தில் பதித்த கண்ணாடிக்குக் கீழே வெறும் புத்தகத் தட்டுகள் தெரியும் படத்தை அனுப்பியிருந்தார். நாடகமும் சினிமாவும் அவ்வளவு செழித்திருந்த நகரம் ஒரே ஆண்டில் ஹிட்லரின் கைக்குப் போனது எப்படி? மக்கள் விரும்பித்தான் ஏற்றார்களா?
– உயர்தர மாணவி, மல்லாவி

பதில்: அது பேபல் சதுக்கம். 1933 மே 10 இரவு அங்கே ஏறத்தாழ 20,000 நூல்கள் எரிக்கப்பட்டன. அவ்வளவு நூல்களை அடுக்கக்கூடிய தட்டுகளே இன்று அங்கே வெறுமையாக வைக்கப்பட்டிருக்கின்றன. எரிப்பதில் முன்னின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நான்கு நாட்களுக்கு முன் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தைச் சூறையாடி அள்ளிய நூல்களும் அந்தத் தீயில் போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

ஆனால், ‘ஒரே ஆண்டில்’ என்பதை நான் ஏற்கவில்லை. 1930 செப்டெம்பர் தேர்தலில் நாஸிக் கட்சி 12 ஆசனங்களிலிருந்து 107 ஆசனங்களுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு டிசெம்பரில், ஜேர்மன் எழுத்தாளர் ரிமார்க்கின் நாவலைத் தழுவிய போர் எதிர்ப்புத் திரைப்படம் நொலெண்டோர்ஃப் சதுக்கத்துத் திரையரங்கில் ஓடியபோது, நாஸிக் கட்சியின் பேர்லின் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் பார்வையாளர்களோடு பார்வையாளர்களாக உள்ளே அமர்ந்திருந்து, நாற்றக் குண்டுகளை எறிந்து, வெள்ளைச் சுண்டெலிகளை இருக்கைகளுக்கிடையே அவிழ்த்துவிட்டார்கள். காட்சி நின்றது. தொடர்ந்த நாட்களில் தெருவிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. 11ஆம் திகதி, வெளிநாட்டில் ஜேர்மனியின் மதிப்புக்கு இழுக்கு நேரும் என்று காரணம் காட்டித் தணிக்கைச் சபை படத்தைத் தடை செய்தது. கலகம் செய்தவர்கள் கேட்டதை, ஹிட்லர் பதவிக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே, குடியரசின் சபையொன்று தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டது. பேர்லினின் கலை வாழ்வு தோற்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்த்து நிற்கவேண்டியவர்களும் ஒன்றுபட்டிருக்கவில்லை. 1929 மே தினத்தில், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவரின் தலைமையில் இருந்த பொலிஸ், தடையை மீறி ஊர்வலம் வந்த கம்யூனிஸ்டுகள் மீது சுட்டதைத் தொடர்ந்து மூண்ட மோதல்களில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள்; அந்த இரத்தத்தை இரு தரப்பாரும் மறக்கவில்லை. 1932 ஜூலை 20ஆம் திகதி பிரதமர் பாப்பன், பேர்லினை உள்ளடக்கிய பிரஷ்ய மாநிலத்தின் அரசைக் கலைத்ததும், அந்தப் பொலிஸும் குடியரசின் ஆதரவாளர்களிடமிருந்து கைமாறியது.

மக்கள் விரும்பினார்களா என்பதற்கு வாக்குக் கணக்கே விடை சொல்லும். 1932 நவம்பர் தேர்தலில் பேர்லினில் முதலிடம் பெற்றது கம்யூனிஸ்ட் கட்சி. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து, எதிர்க்கட்சியினர் சிறைப்பட்டுக்கொண்டிருந்த 1933 மார்ச்சில்கூட, நாடு முழுவதும் 43.9 வீதம் பெற்ற நாஸிகளுக்குப் பேர்லின் கொடுத்தது 34.6 வீதம் மட்டுமே. இரு இடதுசாரிக் கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் அதைவிட அதிகம்.