மகளின் திடப்படுத்தலும் அப்பாவின் முகாமும்

அன்புள்ள ஐயா,

என் கணவர் 11 ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களிடையே முழுநேர ஊழியம் செய்கிறார். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. திடப்படுத்தலுக்கு, அதாவது ஞானஸ்நான வாக்குகளைப் பிள்ளை தானே ஏற்கும் ஆராதனைக்கு, பேராயர் கொடுத்த ஞாயிறும் இவருடைய மாணவர் முகாமின் கடைசி நாளும் ஒன்றாக விழுந்துவிட்டன. "முகாமை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்" என்கிறார். மகளோ "இந்த வருஷம் எனக்குத் திடமே வேண்டாம்" என்கிறாள். அப்பா மேல் கோபமா, விசுவாசமே ஆட்டம் கண்டுவிட்டதா, தெரியவில்லை. ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் இந்த மாத ஜெபக் கடிதத்தில் "மகளின் திடப்படுத்தலுக்காக ஜெபியுங்கள்" என்று அச்சாகியும் போய்விட்டது. இதற்கிடையில் முன்னாள் மாணவர் ஒருவர் தன் திருமணத்தை இவரே நடத்திவைக்க வேண்டும் என்கிறார். இவரும் சரி என்றுவிட்டார். இவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல. நடத்தலாமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நடத்தக் கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு யார் யார் நடத்தலாம் என்று சொல்கிறது: பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர்கள், அரசின் உரிமம் பெற்ற போதகர்கள், திருமணப் பதிவாளர் என்று பட்டியல் குறுகியதுதான். அதில் இல்லாத ஒருவர் நடத்தினால் 68-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. "அண்ணன்தான் எங்களைக் கர்த்தருக்குள் நடத்தினார்" என்ற அன்பெல்லாம் அந்தப் பிரிவுக்குத் தெரியாது.

வழி எளிது. வாக்குறுதி வாங்குவதும், அறிவிப்பதும், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் ஆயருடைய வேலை. உங்கள் கணவர் தேவசெய்தி கொடுக்கட்டும், ஜெபிக்கட்டும், சாட்சியாகக் கையெழுத்தும் போடட்டும். மணமக்கள் வெவ்வேறு ஊர் சபைகள் என்றால் இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். வேலைக்காக பெங்களூருக்குப் போய்விட்ட பிள்ளைகள் இதைத்தான் மறப்பார்கள். மண்டபம் கிடைத்தது என்று மார்ச்சில் நாள் குறித்துவிட்டு, லெந்து நாளில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) ஆயர் மறுத்ததும் தலையில் கைவைப்பவர்களும் உண்டு. 2027-இல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. தமிழ்நாட்டில் திருமணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவும் செய்துவிட வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது.

இனி மகள். அவள் "வேண்டாம்" என்றதைக் கேட்டு நீங்கள் இருவரும் பதறியிருக்கிறீர்கள். திடப்படுத்தலில் நடப்பது என்ன? குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவளுக்காகச் சொன்ன வாக்குகளை, இப்போது அவளே தன் வாயால் ஏற்றுக்கொள்கிறாளா என்று பேராயர் சபை நடுவே கேட்கிறார். கேள்வி அவளிடம் கேட்கப்படுகிறது. கேள்வி உண்மையானது என்றால் "இப்போது இல்லை" என்பதும் அதற்குரிய பதில்தான். வெள்ளை உடை தைத்தாயிற்று, அத்தை ஊரிலிருந்து வருகிறாள் என்பதற்காக ஒரு பிள்ளை முழங்காலில் நின்று ஆம் என்று சொன்னால்தான் நாம் பயப்பட வேண்டும். அடுத்த வருடமும் பேராயர் வருவார். திடம் எடுக்காவிட்டால் பின்னால் கல்யாணத்துக்குச் சிக்கல் என்று உறவினர் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இன்றைய அவசரம் அல்ல.

கோபமா, அவிசுவாசமா என்று அவளைக் கேட்டு வகுப்பு எடுக்க வேண்டாம். பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாளா? பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் படிக்கிறாளா? வகுப்புக்கு ஒழுங்காகப் போய், ஆராதனை நாள் மட்டும் வேண்டாம் என்றால், சிக்கல் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது. வகுப்பையே தவிர்த்தால் அது வேறு பேச்சு. அப்போது ஆயரிடம் சொல்லி, அவளுக்குப் பிடித்த ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியையைப் பேசச் சொல்லுங்கள். அப்பா பேசக் கூடாது. ஊரார் பிள்ளைகளிடம் இதே விஷயத்தைப் பேசியே அவர் வாழ்க்கை நடத்துகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்ததுமே தானும் ஒரு மாணவி ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றும்.

முகாமுக்கு வருவோம். "முடித்துவிட்டு ஓடி வருகிறேன்" என்பது நடக்காது. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் முகாம்களில் எது நழுவ முடியாத நேரம் என்று அவருக்கே தெரியும்: சனி இரவுச் செய்தி. அது முடிந்த பிறகுதான் நான்கைந்து பேர் தனியாகப் பேச வந்து நிற்பார்கள். ஒருவன் அழுவான், மணி ஒன்றாகும். அதற்குமேல் பஸ் பிடித்து, விடியற்காலையில் கசங்கிய சட்டையோடு வந்து இறங்கி, ஆராதனையில் தூங்கி வழிவார். போட்டோவில் இருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளி இரவும் சனி காலையும் அவர் எடுக்கட்டும். சனி இரவை ஒரு பட்டதாரி நண்பருக்குக் கொடுத்துவிட்டு, சனி மதியச் சாப்பாட்டோடு கிளம்பட்டும். அன்று மாலை கோயிலில் பிள்ளைகளுக்கு ஒத்திகை இருந்தால் அதற்கு வந்து பின்வரிசையில் உட்காரட்டும். மகளுக்கு ஞாயிறைவிட அதுதான் நினைவில் நிற்கும் என்பது என் கணிப்பு. அவள் இந்த வருடம் திடம் எடுக்காவிட்டாலும் அவர் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எடுத்தால்தான் அப்பா வருவார் என்றால் அது பேரம்.

மாணவர் ஊழியத்தின் கணக்கு விசித்திரமானது. மூன்று நான்கு வருடத்தில் முகங்கள் மொத்தமாக மாறிவிடும், முகாம் மட்டும் வருடாவருடம் வரும். எப்போதும் யாரோ ஒரு முதலாமாண்டு மாணவனுக்கு இதுதான் முதல் முகாம், அதனால் எந்த முகாமையும் விட மனம் வராது. 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம்) போன்ற அமைப்புகளில் மாணவரே கூட்டம் நடத்திப் பழகுவதும் பட்டதாரிகள் தோள் கொடுப்பதும் வழக்கமாக இருப்பது ஊழியர் வீட்டுக்கும் நல்லதுதான். யாத்திராகமம் 18-ஐ வேலையைப் பகிர்ந்து கொடுப்பதற்கான பாடமாகப் பிரசங்கிப்பார்கள். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் மாமனார் எத்திரோ கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். நிர்வாக ஆலோசனை மறுநாள்தான்.

ஜெபக் கடிதம் போனது போகட்டும். திருத்தம் எழுதவும் வேண்டாம், அடுத்த இதழில் விளக்கமும் வேண்டாம். காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு ஊழியத்தின் கணக்கைக் கேட்க உரிமை உண்டு, பிள்ளையின் ஆத்துமாவின் கணக்கைக் கேட்க இல்லை. இனிமேல் அவளைப் பற்றிய வரி எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் அவளிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். யாராவது தொலைபேசியில் "பாப்பா திடம் எடுத்தாச்சா?" என்று கேட்டால், "வகுப்புக்குப் போகிறாள்" என்பது போதும், அது உண்மையாக இருக்கும்பட்சத்தில்.

ஒரு சின்ன வேலை பாக்கி. அவளுடைய ஞானஸ்நானம் எந்த ஊர் சபையில் நடந்தது? ஊழிய இடமாற்றத்தில் நீங்கள் அந்த ஊரைவிட்டு வந்திருந்தால், அங்கே உள்ள பதிவேட்டிலிருந்து சான்று எழுதி வாங்க இப்போதே கடிதம் போடுங்கள். பெயரின் எழுத்து பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அடுத்த வருடம் அவளே வந்து "எடுக்கிறேன்" என்று சொல்லும்போது ஒரு காகிதத்துக்காக அவளைக் காக்கவைக்கக் கூடாது.